பெயர் வரும்வரை வாய் திறக்காதே

முதலில் ஏரிக்கரையில் நின்ற மருத மரங்களை வெட்டி விற்றார் திவான் மார்த்தாண்டம். அடுத்து, ஊர் மடையை அடைத்துத் தன் தென்னந்தோப்புக்கு மட்டும் தண்ணீரைத் திருப்பினார். அதற்கும் அடுத்து, கருகிய பயிரோடு அரண்மனைக்கு ஓடிவந்து, "தண்ணி விடுங்க சாமி!" என்று கதறிய குடியானவர்களைச் சிறையில் தள்ளினார். என்ன குற்றம்? அவர்கள் கதறிய நேரத்தில் சபையில் அரசருக்குக் கட்டியம் கூறப்பட்டுக்கொண்டிருந்ததாம்!

நெடுங்குளம் சமஸ்தானத்தின் வழக்கம் அது. அரசரின் பெருமைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, கடைசியில் பெயரைச் சொல்லும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் சிறை. வயல் காய்ந்தால் என்ன, பட்டம் வாடக் கூடாதே!

சிறையில் கிடந்தவர்களில் ஒருவன் அவைக்கவி சடையாண்டியின் தம்பி.

கலெக்டர் துரை வருகிறார் என்று செய்தி வந்தது. அரசர் வீரபூபதிக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆசைக்கு மட்டும் குறைவில்லை.

"துரை காதுபட என் கட்டியம் இங்கிலீஷில் முழங்கவேண்டும். ஒரே வாக்கியம்! நடுவில் நிறுத்தக் கூடாது!"

திவான் மீசையைத் தடவினார். "பாதிரியார் வீட்டில் இங்கிலீஷ் படித்த சடையாண்டி சொல்லட்டும், மகாராஜா. பிசகினால் தம்பிக்குத் துணையாகப் போகட்டும். ஏன் ஓய், இங்கிலீஷில் பெயர் முன்னால் போகும், 'ஹூ, ஹூ' என்று பெருமை பின்னால் வரும். தெரியுமா?"

"எங்கள் புளியமரத்து ஆந்தைக்குக்கூடத் தெரியும், திவான் அவர்களே. ஆனால் நம் வழக்கப்படி பெயரைக் கடைசியில்தான் வைப்பேன்."

"வழக்கம்தான் முக்கியம்" என்றார் அரசர்.

துரை வந்தார். சபை எழுந்து நின்றது. சடையாண்டி இங்கிலீஷில் முழங்கியதன் பொருள் இது:

"எவர் ஏரிக்கரை மரங்களை விற்றுத் தின்றாரோ, எவர் ஊர் மடையை அடைத்துத் தன் தோப்பை நனைத்தாரோ..."

ஒவ்வொரு 'ஹூ'வுக்கும் அரசர் சொக்கித் தலையாட்டினார். துரையின் புருவம் ஏறியது. திவானுக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் எப்படித் தடுப்பார்? வாய் திறந்தால் சிறையாயிற்றே!

"எவர் தண்ணீர் கேட்டவர்களைச் சிறையில் அடைத்தாரோ, எவர் மடைக் கதவையும் பெயர்த்து விற்றாரோ..."

"அது மட்டும் பொய்! கதவை நான் விற்கவில்லை!" என்று அலறினார் திவான்.

சடையாண்டி கைகூப்பினான். "நான் இன்னும் பெயரே சொல்லவில்லையே ஐயா! மற்றதெல்லாம் செய்தவர் யாரென்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

பிறகு சொன்னதையெல்லாம் அரசருக்குத் தமிழில் சொன்னான். அரசரின் தலையாட்டல் நின்றது.

"கட்டியத்தின் நடுவே வாய் திறந்துவிட்டாரே, என்ன செய்வது?" என்று கேட்டார் அரசர்.

"வழக்கப்படி சிறைதான், மகாராஜா" என்றான் சடையாண்டி. " ஆனால் அங்கே இடமில்லை. உள்ளே இருப்பவர்களை வெளியே விட்டால்தான் இவருக்கு இடம் கிடைக்கும்."

தமிழும் தெரிந்த துரை சிரித்தார். துரை சிரித்ததால் அரசரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சிறையும் திறந்தது, மடையும் திறந்தது.

"வாக்கியத்தை முடி" என்றார் துரை.

குடியானவர்கள் சபைக்கு வந்து நிற்கும்வரை சடையாண்டி காத்திருந்தான். தம்பியை ஒருமுறை பார்த்தான். கதவு விற்ற பொய்யை நீக்கிவிட்டு, மற்றதையெல்லாம் இம்முறை தமிழில், அவர்கள் காதுபட அடுக்கி, உரக்க முடித்தான்:

"...அவர்தான், நெடுங்குளம் திவான் மார்த்தாண்டம்!"