உறைக்குத் திரும்பாத கத்தி

முன்னொரு காலத்தில், மேகங்கள் வந்து இளைப்பாறிப் போகும் குன்றுகளுக்கு நடுவே வேங்கை நாடு என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்டவன் மாவலிராயன். அவனுக்குக் கத்தி என்றால் உயிர். மான்கொம்புப் பிடி போட்டது, பாம்பாய் வளைந்தது, விரல் நீளமே உள்ளது என்று பார்த்துப் பார்த்து, வேட்டைக்கு ஒன்றைப் பொறுக்குவதற்குள் வெயில் ஏறிவிடும்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். காட்டில் உருவிய கத்தியை உயிர்ப்பலி தராமல் உறையில் போடக்கூடாது. போட்டால் நாட்டுக்கு ஆகாது.

ஒரு நாள் அரசன், "அவரவருக்குப் பிடித்த கத்தியோடு நாளை காட்டுக்கு வாருங்கள். எனக்கு உதவுகிற கத்தியை வைத்திருப்பவர் என் வலப்பக்கம் உட்காரலாம். உதவாத கத்திக்காரர் அவையை விட்டே போகலாம்" என்றான்.

படைத்தலைவர் இரணகேசரிக்கு ஒரே குஷி. வலப்பக்க ஆசனத்தில் இருந்தவர் அமைச்சர் குழைக்காதர். அவர் வேட்டைக்குப் போனதே இல்லை.

"அமைச்சரே, முடிந்தால் பாக்குவெட்டியாவது கொண்டு வாரும்!" என்றார் இரணகேசரி.

"பார்க்கலாம் ஐயா" என்றார் குழைக்காதர்.

மறுநாள் காட்டில் மூங்கில் இலைகளிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. இரணகேசரி தன் கத்தியை உருவி வெயிலில் காட்டி, "ஒரே வீச்சில் காட்டெருமை விழும் அரசே!" என்றார். அமைச்சரின் இடுப்பில் ஒரு பழைய தோலுறை மட்டும் தொங்கியது. கேட்டதற்கு, "வேளை வரட்டும்" என்றார்.

சுனையருகே வந்தபோது அரசனுக்குத் தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்தது. தண்ணீரின் மேல் மூடுபனி புகைந்தது. அதற்குள்ளிருந்து, யாரோ நினைத்துக்கொண்டதுபோல், ஒரு பெண்மான் வந்து நின்றது. அதன் வயிறு கனத்திருந்தது. அரசன் கத்தியை உருவினான். மான் ஓடவில்லை. சுனையில் அதன் முகமும் அவன் முகமும் பக்கத்தில் பக்கத்தில் அசைந்தன.

அவன் கை தாழ்ந்தது. "இது வேண்டாம்."

"உருவிவிட்டீர்களே அரசே!" என்றார் இரணகேசரி. "வழக்கத்தை மீறினால் குடிகள் என்ன பேசுவார்கள்? வெட்டுங்கள்!"

அரசனுக்கு வெட்டவும் மனமில்லை, கத்தியை உறையில் போடவும் வழியில்லை. கனவில் கால் நகராமல் நிற்பவனைப்போல் நின்றான். "குழைக்காதரே, உம்முடைய கத்தி எங்கே?"

அமைச்சர் உறைக்குள் கைவிட்டு எடுத்தார். கத்திபோலச் செதுக்கிய வெள்ளரிக்காய்!

இரணகேசரி விழுந்து விழுந்து சிரித்தார். "அவையை விட்டுப் போகிற வழிக்குக் கட்டுச்சோறா?"

"இதை வெட்டுங்கள் அரசே" என்று நீட்டினார் அமைச்சர்.

அரசன் வெட்டினான். உள்ளே அடைத்திருந்த கள்ளிப்பழச் சாறு பீய்ச்சியது. கத்தி செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது.

"ஊர் எல்லைத் தெய்வத்துக்கு ஆட்டுக்குப் பதிலாகப் பூசணிக்காய் பலி கொடுக்கிறோம். தெய்வமே ஒப்புக்கொள்வதை உங்கள் கத்தி ஒப்புக்கொள்ளாதா?" என்றார் குழைக்காதர். பிறகு குரலைத் தாழ்த்தி, "போன வேட்டைக்கு வந்தவர்கள் சொன்னார்கள், கண்ணை மூடிக்கொண்டு வெட்டினீர்களாமே" என்றார்.

அரசன் கத்தியை மெல்ல உறையில் போட்டான். எத்தனையோ நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டவன்போல் இருந்தான். மான் குனிந்து தண்ணீர் குடித்தது.

"அது கத்தியே இல்லை!" என்று கத்தினார் இரணகேசரி.

"எனக்கு உதவியது அதுதான்" என்றான் அரசன். "அது சரி, காலையிலிருந்து உருவிப் பிடித்திருக்கிறீரே, உம்முடைய கத்தி எதை வெட்டியது?"

இரணகேசரி தன் கையைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

குழைக்காதர் மீதித் துண்டைப் பணிவாக நீட்டினார். காட்டெருமையைச் சாய்க்கும் கத்தி வெள்ளரிக்காயை வெட்டியது.

"வேட்டையில் வெட்டியதை வீணாக்கலாமா? சாப்பிடும்" என்றான் அரசன். அது காம்புப் பக்கம், எட்டிக் கசப்பு. சிவந்த வாயோடு அவர் மென்று விழுங்குவதை எல்லோரும் பார்த்தார்கள்.

"அமைச்சர் வலப்பக்கமே இருக்கட்டும். படைத்தலைவரே, நீரும் அவையிலேயே இரும். ஆனால் அடுத்த வேட்டைக்கு வெள்ளரி செதுக்குவது உம் பொறுப்பு."

அதன்பிறகு வேங்கை நாட்டில் வேட்டைக்குப் போகிறவர்கள் எந்தக் கத்தியைச் செருகினாலும், மடியில் ஒரு வெள்ளரிக்காயும் வைத்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது அது இல்லையென்றால், பசிக்குத் தின்றாயா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.