இரண்டு இரவுகளை ஒட்டிய படம்

"இன்னைக்கு வருமா?" என்று கேட்டார் அருள்மாணிக்கம்.

"வந்துகொண்டுதான் இருக்குது, ஐயா," என்றாள் நிரோஜினி. "மேகத்துக்கு மேல."

அவருக்குச் சுருக்கென்றது.

நாகர்கோவிலில் இருந்து கிளம்பி, மூன்று விமானம் மாறி, நார்வே நாட்டின் வடகோடிக்கு வந்திருந்தார். இருட்டில் பச்சையும் ஊதாவுமாக வானத்தில் ஆடும் துருவ ஒளியைப் படம் எடுக்க வேண்டும். ஐம்பது பேரைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போகிற சுற்றுலா அவருக்குச் சரிப்படாது. தனக்கென்று ஒரு வண்டி, ஒரு வழிகாட்டி, மூன்று இரவு. அப்படித்தான் பேசி வைத்திருந்தார்.

இடம்கூட அவரே சொன்னதுதான். ஊரில் இருந்து ஒன்றரை மணி நேர ஓட்டம். ஓர் ஏரி. எதிர்க்கரையில் ஒரு படகுக் கொட்டகை. அதன் பின்னால் வடக்குப் பக்கம், நடுவில் பிளந்த மாதிரி ஒரு மலை.

"மேலே இருக்குன்னு எனக்கும் தெரியும்மா. கண்ணுக்கு எப்போ தெரியும்னு கேக்கேன்."

"அதை மேகத்திட்டைத்தான் கேக்கோணும்."

அவருக்கு வயது அறுபத்தொன்று. முப்பது வருஷமாகப் பிறருக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தவர். அவளுக்கு முப்பத்து நாலு. பருத்தித்துறையில் இருந்து மீன் ஆலை வேலைக்கு வந்த பெற்றோருக்கு இங்கேயே பிறந்தவள். பனியில் வண்டி ஓட்டுவாள். வானத்தைப் பார்ப்பாள். அதிகம் பேசமாட்டாள்.

முதல் இரவு அப்படியே கழிந்தது.

கிளம்பும் நேரத்தில் மேகம் ஓரிடத்தில் கிழிந்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அந்தக் கிழிசலுக்குள் பச்சையாக ஏதோ அசைந்தது. ஆழத்தில் கிடக்கும் பெரிய மீன் ஒன்று ஒருக்களித்துத் திரும்பினாற்போல.

அருள்மாணிக்கம் மூச்சு விடவில்லை.

மேகம் மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா?" என்றார் வெகுநேரம் கழித்து.

"ஓம்," என்றாள் நிரோஜினி. அவளும் அண்ணாந்தபடியே நின்றிருந்தாள்.

*

இரண்டாம் இரவும் மேகம்.

நிரோஜினியின் போன் அடித்தது. பேசிவிட்டு வைத்தாள்.

"கிழக்கால, எல்லைக்கு அங்கால வானம் வெளிச்சிட்டுதாம். நல்ல ஆட்டமாம். ரெண்டு மணித்தியாலத்தில போயிரலாம். வாறியளோ?"

"வேண்டாம்."

"இஞ்ச இண்டைக்கு வெளிக்காது, ஐயா."

"எனக்கு இந்த ஏரிதான் வேணும்."

அவள் சாவியை எடுக்கவில்லை. வற்புறுத்தவும் இல்லை. பிளாஸ்கில் இருந்து இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினாள். வண்டிக் கண்ணாடியில் பனித்தூள் விழுந்து விழுந்து கரைந்துகொண்டிருந்தது.

"ஏன் இந்த ஏரி?" என்று கேட்டாள்.

அவர் போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார்.

அதே ஏரி. அதே கொட்டகை. பிளந்த மலைக்கு நேர் மேலே, அந்தப் பிளவில் இருந்தே பொங்கி எழுந்தது மாதிரி, வானம் முழுக்கப் பச்சை ஒளி.

நிரோஜினி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இது நீங்கள் எடுத்ததோ?"

"பன்னிரண்டு வருஷம் முந்தி. ஒரு கூட்டத்தோட வந்திருந்தேன்."

"இந்தப் படம் இஞ்ச எல்லாருக்கும் தெரியும்."

"எங்க ஊர்லயும் தெரியும்," என்றார். அதில் பெருமை இல்லை.

அந்தப் படத்துக்குப் பரிசு வந்தது. பரிசைப் பார்த்து மாணவர்கள் வந்தார்கள். மொட்டைமாடியில் நடந்த வகுப்பு இரண்டு மாடிக் கட்டடத்துக்குப் போனது. வாசலில் ஆளுயரத்துக்கு அந்தப் படத்தை மாட்டி வைத்திருந்தார். போன மாதம் ஒரு மாணவி அதன் முன்னால் நின்று, "சார், இதோட கேமரா ஒரிஜினல் ஃபைலைப் பாக்கலாமா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னார். அன்று முதல் அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. வருகிற மார்ச்சில் இருபத்திரண்டு மாணவர்களை இதே கரைக்கு அழைத்து வருவதாக வேறு வாக்குக் கொடுத்திருந்தார்.

வெளியே பனி. உள்ளே ஹீட்டரின் சத்தம் மட்டும். யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்ல அது தோதாக இருந்தது.

"அது ஒரு படம் இல்லம்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏரியும் மலையும் முத நாள் எடுத்தது. அன்னைக்கு வானத்துல ஒண்ணுமே இல்ல. ஒளி ரெண்டாவது நாள், வேற எங்கேயோ ரோட்டோரத்துல எடுத்தது. ஊருக்குப் போயி ரெண்டையும் ஒட்டினேன். தண்ணியில நிழல் சரியா வரல்ல. அதனால படத்துல இருக்கிற தண்ணியைக் கம்ப்யூட்டர்ல கலக்கி விட்டேன். ஒரே தடவையில எடுத்ததுன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். இப்போ அதையே நிஜமா எடுத்துட்டேன்னா..."

போனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

நிரோஜினி வைப்பரைப் போட்டுக் கண்ணாடியில் இருந்த பனியைத் தள்ளினாள்.

"கனபேர் இந்தப் படத்தைக் காட்டித்தான் என்னட்டை வருவினம்," என்றாள். "இதே மாதிரி வேணும் எண்டு கேப்பினம். நானும் இஞ்சதான் கூட்டிக்கொண்டு வாறனான்."

"கிடைச்சுதா அவங்களுக்கு?"

"ஒருத்தருக்கும் கிடைக்கேல்லை."

பனி விழுந்தது.

"மலேசியாவில, கிள்ளானில இருந்து ஒருத்தர். தனபாலன் எண்டு பேர். பள்ளிக்கூட வாத்தியார். மூண்டு வருஷம் அடுத்தடுத்து வந்தவர். ஒளி வந்தது. வடிவா வந்தது. ஆனா அந்தப் பிளவுக்கு மேல வரேல்லை. கடைசி வருஷம் போகேக்க, எனக்குத்தான் எடுக்கத் தெரியேல்லை எண்டு சொன்னவர். ஊருக்குப் போய்க் கேமராவை வித்துப்போட்டாராம்."

அருள்மாணிக்கத்தின் கை, கோப்பையைப் பிடித்தபடி மடியில் கிடந்தது.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஐயா. ஆறுது."

*

மூன்றாம் இரவு வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

அமாவாசை கழிந்து இரண்டே நாள். பிறை எப்போதோ இறங்கிவிட்டது. அத்தனை நட்சத்திரத்தை அவர் குமரிக் கடலில் தோணியில் போனபோதுகூடப் பார்த்ததில்லை. ஏரி இன்னும் உறையவில்லை. கரையில் மட்டும் முழங்கால் அளவு புதுப் பனி.

அருள்மாணிக்கம் தண்ணீருக்குப் பத்தடி இப்பால், கரைப் பனியில் முக்காலியை நாட்டினார். கொட்டகை இடது மூலையில். மலையின் பிளவு நட்டநடுவில். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எடுத்ததுபோல, அங்குலம் பிசகாமல்.

நிரோஜினி அவருக்குப் பின்னால், சாலையோரத்தில் வண்டி அருகே நின்றாள்.

ஒன்பது மணிக்கு வடக்கே ஒரு வெளுத்த பட்டை தெரிந்தது. புகை மாதிரி. அது மலைக்கு மேலே படுத்துக்கிடந்தது. எழவில்லை.

பத்து மணி. அப்படியே.

பதினொன்று. அதுவும் மங்கியது.

அவருக்குக் கால் மரத்தது. விரல் மரத்தது. மனசுக்குள் தனபாலன் என்கிற, முகம் தெரியாத ஓர் ஆள், இதே இடத்தில், இதே பனியில், கண்ணை இந்தப் பிளவில் இருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார். மூன்று வருஷம். இல்லாத ஒன்றுக்காக.

'ஒரே ஒரு தடவை வந்துரு,' என்று அருள்மாணிக்கம் மலையைப் பார்த்துக் கேட்டார். யாரிடம் கேட்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மலைக்கு மேலே ஒன்றும் இல்லை.

இருந்தாலும் பொத்தானை அழுத்தினார். இருட்டில் எடுக்கும்போது கேமரா முப்பது விநாடி கண்ணைத் திறந்து வைத்திருக்கும். அதுவரை அசையக் கூடாது. மனசுக்குள் எண்ணத் தொடங்கினார்.

மூன்று. நாலு.

காலடிப் பனியில் ஏதோ கறுப்பாக விழுந்தது.

முதலில் மங்கலாக. பிறகு விளிம்பு தெரிய. முக்காலியின் மூன்று கால்களும், அதன் பக்கத்தில் தொப்பி வைத்த ஓர் ஆளும், நீளமாகத் தண்ணீரைப் பார்க்கக் கிடந்தார்கள்.

நிழல்.

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இந்த நேரம் பார்த்தா?

"வண்டி லைட்டை அணைங்கம்மா," என்றார் திரும்பாமல். "படம் ஓடிக்கிட்டு இருக்கு."

பின்னால் இருந்து பதில் வந்தது.

"நான் லைட் போடேல்லை, ஐயா."

அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

அவர் திரும்பினார்.

தெற்கு வானம் முழுவதும் எரிந்துகொண்டிருந்தது.

சாலைக்கு மேலே, வண்டிக்கு மேலே, யாரும் எந்தக் காலத்திலும் படம் எடுக்க நினைக்காத ஒரு மொட்டைக் குன்றுக்கு மேலே. உச்சந்தலைக்கு நேரே எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்து, அங்கிருந்து ஒளி மடிப்பு மடிப்பாக இறங்கியது. இறங்கி, தரையைத் தொடப்போவது போல வந்து, மீண்டும் சுருட்டிக்கொண்டு மேலே போனது. பச்சை. அதன் அடி ஓரத்தில் ரோஜா நிறம் ஓடியது. ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குக் கண் எட்டும் முன் ஓடி முடிந்தது.

சத்தமே இல்லை.

அதுதான் அவரைக் கலங்கடித்தது. இவ்வளவு பெரிய ஒன்று சத்தமில்லாமல் நடக்கும் என்று அவர் உடம்பு நம்ப மறுத்தது. மின்னலுக்குப் பிறகு இடிக்குக் காத்திருப்பதுபோலக் காது காத்துக்கொண்டே இருந்தது. இடி வரவே இல்லை. மடிப்புகள் வந்தன. போயின. இன்னும் பெரிதாக வந்தன.

பனி பச்சையாகிவிட்டது. வண்டி பச்சையாகிவிட்டது. நிரோஜினியின் முகத்தில் ஒளி அலையலையாக ஏறி இறங்கியது. ஆயிரம் இரவு பார்த்தவள். ஒரு கையால் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நெஞ்சில் வைத்து நின்றாள்.

அருள்மாணிக்கம் தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று பிற்பாடு யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

அவருக்குப் பின்னால் கேமரா தன் முப்பது விநாடியை முடித்து 'டக்' என்று மூடியது. அது அவர் காதில் விழுந்தது. கால் நகரவில்லை.

எவ்வளவு நேரம் என்று இருவருக்கும் தெரியாது. பத்து நிமிடம் இருக்கலாம். ஒளி மெல்லப் பிரிந்து, திட்டுத்திட்டாகி, அணைந்தது. நட்சத்திரங்கள் திரும்பி வந்தன.

அவர் பனியில் உட்கார்ந்திருந்தார். எப்போது உட்கார்ந்தார் என்றும் தெரியவில்லை.

நிரோஜினி வந்து கையைக் கொடுத்தாள். பிடித்து எழுந்தார்.

"இப்படி அடிக்கடி வருமா?"

"இப்படி நானும் பார்த்ததில்லை," என்றாள்.

*

வண்டிக்குள் ஹீட்டர் சூட்டில் விரல்கள் திரும்ப உயிர்பெற்ற பிறகுதான் கேமராவைத் திறந்தார்.

அந்த இரவுக்கு உருப்படியாக ஒரே ஒரு படம்தான் இருந்தது.

ஏரி. கொட்டகை. பிளந்த மலை. மலைக்கு மேலே வெறும் நட்சத்திரங்கள். கரையில், இளம்பச்சைப் பனியின் மேல், ஒரு முக்காலியின் நிழலும் ஒரு மனிதனின் நிழலும். திரும்பிவிட்டதால் மனிதனின் தோள் பக்கம் கொஞ்சம் கலைந்திருந்தது.

அவளிடம் நீட்டினார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள்.

வண்டி பாதி வழி வந்த பிறகு அவர் கேட்டார்: "அந்தக் கிள்ளான்காரர் நம்பர் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்குது."

"இந்தப் படத்தை அவருக்கு அனுப்பி, விஷயத்தைச் சொல்லிருவீங்களா?"

"நம்பரைத் தாறன், ஐயா," என்றாள். "நீங்கள் எழுதுங்கோ."

*

விடுதி அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எழுதினார். நாலு தடவை அழித்தார். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்:

'ஐயா, நீங்கள் மூன்று வருஷம் தேடிய படம் என்னுடையது. அப்படி ஓர் இரவு வந்ததே இல்லை. இரண்டு இரவுகளை நான் ஒட்டினேன். உங்களுக்கு எடுக்கத் தெரியாமல் போகவில்லை. வாசலில் மாட்டிய அந்தப் படத்தை ஊருக்குப் போனதும் கழற்றப்போகிறேன். காரணத்தை மாணவர்களிடம் நானே சொல்வேன். என்னைத் திட்டுவதென்றால் இந்த எண்ணில் திட்டலாம். கூட இருப்பது நேற்று எடுத்தது. இது ஒரே படம்.'

அனுப்பினார்.

காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"தனபாலன் பேசுறேன்," என்றது ஒரு குரல்.

அருள்மாணிக்கம் எழுந்து நின்றுகொண்டார். "சொல்லுங்க சார்."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"மூணு வருஷம் சார்," என்றார் தனபாலன்.

"ஆமா."

"என் பொண்டாட்டி என்னை என்னவெல்லாம் சொன்னா தெரியுமா?"

"சொல்லியிருப்பாங்க."

போனை வைத்துவிடுவார் என்று அருள்மாணிக்கம் நினைத்தார். வைக்கவில்லை.

"அந்தப் புதுப் படத்தை இங்க காலையில இருந்து பார்த்துக்கிட்டு இருக்கேன்," என்றார் தனபாலன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "வானத்துல ஒண்ணும் இல்ல. ஆனா நிழல் அவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு. நிலா உங்களுக்குப் பின்னால இருந்துச்சா, சார்?"

"இல்ல," என்றார் அருள்மாணிக்கம். "நேத்து அந்நேரம் நிலாவே இல்ல."