குழாயில் வந்த முப்பது முயல்கள்

செங்காட்டு முயல்களுக்குப் பாடம் நடத்திய முட்கிழார் என்ற முள்ளம்பன்றிக்குத் தன் குரலைத் தானே கேட்பதென்றால் கொள்ளை ஆசை. நடத்திய பாடம் ஒன்றே ஒன்று: வேடன் வலையில் விழுந்தால் தப்புவது எப்படி?

மழையில் ஓடை பெருகி, வகுப்பில் பாதி அக்கரையில் மாட்டிக்கொண்டது. முட்கிழார் அசரவில்லை. ஓடையின் குறுக்கே நீளமான மூங்கில் குழாயைப் போட்டார். இக்கரை முயல்கள் எதிரே உட்கார்ந்து கேட்கும், அக்கரை முயல்கள் குழாயில் கேட்கும் என்று ஏற்பாடு.

தினமும் பெயர் வாசிப்பார். குழாயிலிருந்து முப்பது "உள்ளேன் ஐயா" கணீரென்று வரும். பிறகு மூச்சுவிடாமல் பேசி முடித்து, புரிந்ததா என்பார். புரிந்தது என்று வரும். அக்கரைதான் கெட்டி என்று பார்த்தவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

ஒருநாள் காலை, நாளைக்கு வேடர்கள் வருவதாகக் காகம் சேதி கொண்டுவந்தது. முட்கிழார் பரபரவென்று குழாயில் வாய் வைத்தார்.

"இன்னைக்கு யார் யார் வரலை?"

"உள்ளேன் ஐயா," என்றது குழாய்.

இக்கரை முயல்கள் புரண்டு புரண்டு சிரித்தன. முட்கிழார் உடனே கிளம்பினார். ஒரு மரக்கட்டையில் தொற்றிக்கொண்டு அக்கரை சேர்ந்தார். குழாயருகே ஒரு மைனா மட்டும் இருந்தது. முயல்களிடம் நாளுக்கு ஒரு குலை நாவற்பழம் வாங்கிக்கொண்டு முப்பது குரலில் வருகை கொடுத்துவந்ததாம். முயல்களோ சேற்றுமேட்டில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தன.

முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு கத்தித் தீர்த்தார். தும்பை என்ற வெள்ளை முயல் மட்டும் கிட்டே வந்து நின்றது.

"நீங்க எங்க பேரைத்தான் கேட்டீங்க ஐயா. ஒரு நாளும் எங்களைக் கேள்வி கேட்டதில்லையே."

முட்கிழாரை வெட்கம் பிடுங்கித் தின்றது. கையில் இருந்ததோ ஒரே ஒரு பகல்.

பேச்சை மூட்டை கட்டினார். அக்கரை முயல்கள் கொடியால் வலை பின்னி உள்ளே விழ வேண்டும். தப்பும் வழியை இக்கரை முயல்கள் குழாயில் சொல்ல வேண்டும். பிறகு மாற்றி ஆடின. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைத்துக் கேள்வி கேட்டார். ஒரே கும்மாளம்! பிழைப்புப் போன மைனாகூட வலைக்குள் குதித்துப் பார்த்தது. பொழுது சாயும்போது அவர் இக்கரைக்குத் திரும்பினார்.

மறுநாள் இரண்டு கரையிலும் வலை விழுந்தது. முயல்கள் அசையாமல் படுத்து, முடிச்சைத் தேடிக் கடித்து, ஒவ்வொன்றாக நழுவின. இக்கரையில் குழாயருகே சிக்கிக்கிடந்தது ஒருவர்தான். உதறி உதறி, முள்ளெல்லாம் வலையில் கோத்துக்கொள்ள, கற்றுக்கொடுத்த அத்தனையும் மறந்து முட்கிழார் அலறினார். அலறல் குழாய் வழியே அக்கரைக்குப் போனது.

குழாயில் தும்பையின் குரல் வந்தது.

"இழுக்காதீங்க ஐயா. படுங்க. முடிச்சு எங்கே இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்."

அவர் படுத்தார். தேடினார். "மூக்குக்கு நேரே," என்றார்.

"அப்போ என்ன செய்யணும்?"

கடித்தார். வேடன் வந்து பார்த்தபோது வலையில் இரண்டு முட்கள்தான் இருந்தன.

எதிரே இருந்தாலும் எட்டத்தில் இருந்தாலும், ஆள் வந்ததா என்று கேட்பவனைவிட, கேள்வி கேட்டுச் செய்ய வைப்பவனே பாடம் நடத்துகிறான்.