காவியைத் துப்பலாமா

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். ஓட்டுக் கூரை, ஒரு கிணறு, கிணற்றை ஒட்டி ஒரு செம்பருத்திச் செடி. எட்டு வருஷமாக அந்த மடத்துக்குக் குரு பூவம்மை. வயது நாற்பதுகூட ஆகவில்லை. அஞ்சு வயதிலிருந்தே இளைப்பு நோய் கூடவே வளர்ந்தது.

தினமும் காலையில் விளக்கேற்றும் முன் கிணற்றடியில் உட்காருவார். மூச்சுப் பம்ப்பை எடுத்துக் குலுக்குவார். காற்றை மெல்ல வெளியே விட்டு, பம்ப்பை அமுக்கி, நிதானமாக உள்ளே இழுப்பார். பத்து எண்ணும்வரை பிடித்து வைப்பார். பிறகு வாயைக் கொப்பளித்துச் செடியின் அடியில் துப்புவார். ஒளிவு மறைவு கிடையாது. வந்தவர் போனவர் எல்லாரும் பார்க்கத்தான் எல்லாம்.

ஒருநாள் வெளியூர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மூச்சை அடக்கச் சொல்லிக் குடுக்கிற மடம்னு சொன்னாங்க. இங்க குருவுக்கே பம்ப்பா?"

"சொன்னவங்க தப்பாச் சொல்லிட்டாங்க," என்றார் பூவம்மை. "இங்க அடக்கச் சொல்லித் தரலை. ஒழுங்கா விடத்தான் சொல்லித் தாரோம். எனக்கே அது சரியா வரலை. அதான் பம்ப்."

ஓரமாக நின்றிருந்த கோட்டைச்சாமிக்கு நெஞ்சுக்குள் என்னவோ இளகியது. முப்பது வருஷம் பஞ்சு ஆலையில் வேலை பார்த்த மனுஷன். வயது ஐம்பத்தெட்டு. அவருக்கும் இளைப்பு உண்டு. ஆனால் யாருக்கும் தெரியாமல் கதவுக்குப் பின்னால் போய் நீல பம்ப்பை அமுக்கிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வெளியே வருவார். தன் மகள் வயதுக்காரி நடுமுற்றத்தில் உட்கார்ந்து இத்தனை பேர் முன்னால் மருந்து இழுக்கிறாரே!

அன்றே போய்க் கும்பிட்டார். "தாயே, என்னையும் சேத்துக்கோங்க."

"சேத்துக்கிடலாம் அண்ணாச்சி. முதல்ல டாக்டரைப் பாப்போம்."

கோட்டைச்சாமிக்குத் தங்கமான குரல். மடத்தில் மாலைப் பாட்டை அவர் எடுத்தால் சமையல்கட்டில் இசக்கியம்மாள் அகப்பையைக் கீழே வைத்துவிடுவாள். ஆனால் மூன்றாவது அடிக்குள் இருமல் வந்து பாட்டை முறித்துவிடும். அடுத்த மாதம் குருபூசை. அன்றைக்கு முழுப்பாட்டையும் ஒரே மூச்சில், தடங்கல் இல்லாமல் பாடிவிட வேண்டும். வாழ்க்கையில் வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் ரெண்டு பம்ப் எழுதிக் கொடுத்தார். ஒன்று பழைய நீலம். இன்னொன்று புதுசு, காவி நிறம். மருந்து கொடுக்கும் ஜன்னலில் பூவம்மையே இரண்டையும் வாங்கி, கோட்டைச்சாமியின் இரண்டு கையிலும் வைத்தார்.

"காவி, காலையில ரெண்டு இழுப்பு, சாயங்காலம் ரெண்டு இழுப்பு. நல்லா இருக்கிற நாள்லயும் போடணும். நீலம் திணறினா மட்டும். காவி போட்டதும் மறக்காம வாயைக் கொப்பளிச்சிருங்க."

கோட்டைச்சாமி காவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ரெண்டு வாரத்தில் இருமல் அடங்கியது. மலைப்படி ஏறி இறங்கினார். விடிகாலையில் எழுந்து உட்கார்ந்து இளைக்கும் வழக்கம் போயே போய்விட்டது. "அண்ணாச்சிக்குக் கல்யாணம் பண்ணி வைக்கலாம் போல இருக்கே," என்றாள் இசக்கியம்மாள்.

அப்புறம் குரல் கம்மியது.

முதலில் லேசாக. பிறகு ஓட்டைத் தகரத்தில் கல் உரசுகிற மாதிரி. நாக்கில் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சோறு இறங்கும்போது எரிந்தது. கண்ணாடியில் பார்த்தார். பயந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, பாலாடையைத் திருடித் தின்னியளா? வாயெல்லாம் வெள்ளையா இருக்கு," என்றாள் இசக்கியம்மாள்.

குருபூசைக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. இந்தப் பம்ப்பால்தான் குரல் போகிறது என்று கோட்டைச்சாமிக்குத் தோன்றியது. மூச்சு நன்றாகத்தானே இருக்கிறது? யாரிடமும் சொல்லாமல் காவியை நிறுத்தினார். குருவிடமும் சொல்லவில்லை.

நாலு நாள் ஒன்றும் ஆகவில்லை. நினைத்தது சரிதான் என்று இருந்தார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் குருபூசைக்குத் திரி திரிக்க உட்கார்ந்தார்கள். இசக்கியம்மாள் பஞ்சுப் பொதியைப் பிரித்து உதறினாள். பழைய ஆலைத்தூசி மறுபடி தேடி வந்த மாதிரி இருந்தது கோட்டைச்சாமிக்கு. நெஞ்சு இறுகியது. நீலத்தை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். ஆறு தடவை ஆயிற்று. உதடு கறுத்தது. பேச்சு வரவில்லை.

பூவம்மை ஓடி வந்தார். ஆட்டோவைப் பிடித்து, அவரை நிமிர்ந்து உட்கார வைத்து, முதுகைத் தாங்கிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். முகத்தில் மூடி வைத்துப் புகைமருந்து கொடுத்தார்கள். சாயங்காலம்தான் முகத்தில் ரத்தம் திரும்பியது.

பேச்சு வந்ததும் காவியை நிறுத்தியதைக் கோட்டைச்சாமி ஒத்துக்கொண்டார். டாக்டர் கேட்டார். "காவியை ஏன் நிறுத்தினிய?"

"நாலு நாளா நல்லாத்தான் இருந்துச்சு சார்."

"போட்டு வச்ச மருந்தோட மிச்சத்துல நாலு நாள் ஓடிச்சு. மிச்சம் தீர்ந்துச்சு, வந்து படுத்துட்டிய. எதுவானாலும் எங்கிட்ட கேக்காம நிறுத்தக் கூடாது." நாக்கைப் பார்த்தார். "வாய் கொப்பளிக்கிறதில்லையா?"

"தவறாமக் கொப்பளிக்கேன் சார்."

"கொப்பளிச்சு?"

கோட்டைச்சாமி தலையைக் குனிந்தார். "விழுங்கிருவேன்."

"விழுங்குவியளா?" என்றார் பூவம்மை.

"தாயே, உங்க கையால வாங்கினது. நிறமும் காவி. அது எனக்குப் பிரசாதம். பிரசாதத்தை எப்படி நான் துப்புவேன்?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூவம்மை சிரிக்கவில்லை.

"தப்பு என்னுது," என்றார். "கொப்பளிக்கச் சொன்னேன். துப்பச் சொல்லலை."

கோட்டைச்சாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைத்தது அவர், நிறுத்தியது அவர். ஒரு வார்த்தை விட்டுப்போனதற்குக் குரு தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாரே!

வெள்ளைப் படிவுக்கு வாய்மருந்து கொடுத்தார்கள். பம்ப்பின் வாயில் மாட்ட ஒரு பிளாஸ்டிக் குடுவையும் கொடுத்தார்கள். அதன் வழியாக இழுத்தால் மருந்து தொண்டையில் அப்பாமல் நெஞ்சுக்குப் போகுமாம். டாக்டர் முன்னாலேயே மாட்டி, ஊதி, இழுத்துக் காட்டச் சொன்னார் பூவம்மை. மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.

மறுநாள் காலை கிணற்றடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். கோட்டைச்சாமி காவியை இழுத்தார். செம்பில் தண்ணீர் எடுத்து வாயில் ஊற்றினார். கொப்பளித்தார். தொண்டைக்குள் வைத்தும் கொப்பளித்தார். அதற்கு மேல் முடியவில்லை. கன்னம் உப்ப, விழி பிதுங்க, குருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாயில மீனா வளக்கிய அண்ணாச்சி?" என்று கத்தினாள் இசக்கியம்மாள், சமையல்கட்டிலிருந்து.

பூவம்மை தன் பம்ப்பை எடுத்தார். இழுத்தார். பத்து எண்ணினார். வாயைக் கொப்பளித்தார். குனிந்து, செம்பருத்திச் செடியின் அடியில் துப்பினார். இரண்டாம் தடவையும் அப்படியே.

பிறகு அதே செடியில் மலர்ந்திருந்த ஒரு பூவைக் கிள்ளினார். உள்ளே போய் விளக்கின் முன் வைத்துக் கும்பிட்டார்.

கோட்டைச்சாமி பார்த்தார். எட்டு வருஷமாக அந்தச் செடிக்கு அந்தத் தண்ணீர்தான். எட்டு வருஷமாக அந்த விளக்குக்கு அந்தப் பூதான். அந்தப் பூவைத்தான் அவரும் தினமும் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறார்.

அவர் குனிந்தார். துப்பினார். பெரிய பாவம் செய்துவிட்ட மாதிரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் காலை மாலை இரண்டு வேளையும் அதுதான். ஆறாம் நாள் நாக்கு சிவந்தது. எட்டாம் நாள் கம்மிய குரல் கொஞ்சம் திறந்தது. பஞ்சு உதறும் வேலையை இசக்கியம்மாள் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு தோட்டத்தின் கடைசிக்குக் கொண்டுபோனாள். "உங்க பாட்டுக்காக நான் திருடி மாதிரி மூஞ்சியைக் கட்டிக்கிட்டுத் திரியுதேன். ஒழுங்காப் பாடுங்க," என்று எச்சரித்துவிட்டுத்தான் போனாள்.

குருபூசை மாலை. முற்றம் நிறைய ஜனம். கோட்டைச்சாமி பாட்டை எடுத்தார். பழைய குரல் முழுசாக வரவில்லை. ஓரத்தில் லேசான கரகரப்பு இருந்தது. மூன்றாம் அடி வந்தது. எல்லாரும் இருமலை எதிர்பார்த்தார்கள். இருமல் வரவில்லை. நாலாம் அடி, ஐந்தாம் அடி, கடைசி அடி. கடைசி எழுத்தை இழுத்து நிறுத்தினார். மூச்சு இன்னும் மிச்சம் இருந்தது.

இசக்கியம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

கூட்டம் கலைந்ததும் கோட்டைச்சாமி கிணற்றடிக்கு வந்தார். பூவம்மை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மாலைக் காவியை இழுத்தார், கொப்பளித்தார், செம்பருத்தி அடியில் துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"தாயே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"ரெண்டு வேளையும் துப்புதேன். துப்பும்போதெல்லாம் மனசு அடிக்குது. நீங்க குடுத்ததைத் துப்புறது பாவம் இல்லையா?"

பூவம்மை கையிலிருந்த தட்டை அலசிக் கவிழ்த்தார்.

"நான் குடுத்தது எங்க இருக்கு?"

கோட்டைச்சாமி நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"அப்போ நெஞ்சுக்குப் போகாம வாயில மிஞ்சினதைத் துப்பிருங்க அண்ணாச்சி. அது நான் சொன்ன சொல்லா இருந்தாலும் சரி."