நூற்று முப்பத்தாறு வாய்

மடத்துச் சீடர்களில் வயதில் மூத்தவர் மதிவாணன். குருவைவிடப் பதினைந்து வயது பெரியவர். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்துவிட்டு வந்தவர். காவி கட்டியும் அந்த மிடுக்கு மட்டும் அடங்கவில்லை.

சமையல்கட்டில் வேலை செய்கிறவர்கள் கழுத்தில் அவர் ஆளுக்கொரு பட்டை கட்டிவிட்டிருந்தார். தொண்டைக்குள் எது இறங்கினாலும் ஒரு வாய் என்று அவருடைய போனில் எண் ஏறும். எல்லாரும் அளவோடு சாப்பிட்டு நோயில்லாமல் இருக்கட்டும் என்றார். தன் கழுத்தில் மட்டும் கட்டிக்கொள்ளவில்லை.

அன்று பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே சமையற்காரி தையல்நாயகியின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார்.

“நைவேத்தியத்துக்கு முன்னாடியே நூத்திப் பத்து வாய் தின்னிருக்கே! எச்சில் பண்ணினதையா கடவுளுக்குப் படைக்கிறே?”

கடவுளுக்குப் படைக்கும்வரை சமைக்கிறவர் நாக்கில் ஒரு பருக்கை படக்கூடாது. அது மடத்து வழக்கம். பதினாலு வருஷமாக அங்கே சமைக்கிறவளுக்கு அது தெரியாதா?

“சத்தியமா நான் எதையும் தொடலைங்கய்யா.”

“மெஷின் பொய் சொல்லாது. வெளியே போ!”

அவள் பட்டையைக் கழற்றி அவர் காலடியில் வீசினாள். மடத்து வாசலில் போய் உட்கார்ந்தாள்.

“திருடிங்கிற பேரோட நான் வீட்டுக்குப் போக மாட்டேன்.”

குரு பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தார். முகம் சிவந்திருந்தது.

“அவ தின்னதைக் கண்ணால பார்த்தீரா?”

“பட்டை காட்டுச்சு சாமி.”

குரு குனிந்து பட்டையை எடுத்தார். மதிவாணன் கழுத்தில் இறுக்கிக் கட்டினார்.

“நாளைக்குச் சமையல் உம்மோடது.”

மறுநாள் விடியுமுன் மதிவாணன் வெறும் வயிற்றோடு அடுப்பு மூட்டினார். பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. நெய்யில் முந்திரி சிவந்தது. பெருங்காயம் பொரிந்தது. வெல்லப் பாகு வாசம் சமையல்கட்டை நிறைத்தது. பதினோரு மணிக்குப் பசி காதை அடைத்தது. யார் மேல் என்று தெரியாமல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நைவேத்தியம் முடிந்து பந்தி உட்கார்ந்தது. குரு அவரிடம் போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

“படைக்கிறதுக்கு முன்னாடி நூத்தி முப்பத்தாறு வாய்! திருட்டுப் பயலே!”

பந்தியே நிமிர்ந்து பார்த்தது. மதிவாணனுக்கு உடம்பு கூசிப்போனது.

“சத்தியமா சாப்பிடலை சாமி! பசி. அந்த வாசனைக்கு வாய் ஊறிக்கிட்டே இருந்துச்சு. எச்சிலைத்தான் முழுங்கிக்கிட்டே நின்னேன்.”

“மெஷின் பொய் சொல்லுமா?”

“என்னை நம்புங்க சாமி!”

வாசலிலிருந்து தையல்நாயகியின் குரல் கேட்டது.

“நேத்து நானும் சத்தியம்தான்யா பண்ணினேன்.”

மதிவாணன் பட்டையைக் கழுத்திலிருந்து பிய்த்தெடுத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“அந்த அம்மா கால்ல விழறேன் சாமி. இந்தச் சனியனை உடைச்சு அடுப்புல போட்டுடறேன்.”

குருவின் கோபம் தணியவே இல்லை. தன் முன்னால் இருந்த இலையைத் தள்ளிவைத்தார்.

“கால்ல போய் விழும். அதை ஏன் உடைக்கிறீர்? பதினாலு வருஷமா அவ பசியோட நின்னதை இந்த மடத்துல கவனிச்சது அது ஒண்ணுதான். நானும் தினம் இந்தப் பந்தியிலதான் உட்கார்ந்து தின்னேன்.”