குரங்குப் புண் ஏன் ஆறுவதில்லை

அந்தக் காலத்தில் மிருகங்களும் பறவைகளும் பேசின. அதிலும் குரங்குகள் பேசியது கொஞ்சநஞ்சமல்ல. அப்போது காட்டுக்கே வைத்தியம் பார்த்தது தையல்சிட்டு. புண்ணைக் கழுவி, தேன் தடவி, பூவரச இலையைப் போர்த்தி, சிலந்தி நூலால் தைத்துவிடும்.

சாமந்தி என்ற மந்தியின் உள்ளங்கையை மூங்கில் கிழித்துவிட்டது. அவள் வயிற்றில் தொங்கிய குட்டிக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அமாவாசைக்குள் அத்திப்பழம் தீர்ந்துவிடும். கூட்டமே ஆற்றைத் தாண்டி அக்கரை மரத்துக்குப் பாய வேண்டும். கீழே முதலைகள். கை பிடி நழுவினால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

சிட்டு தைத்து முடித்தது. "ஏழு நாள் தொடாதே. உள்ளே ஈரமா இருந்தாத்தான் புதுத்தோல் வளரும். நானே வந்து பிரிக்கிறேன். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, சிட்டக்கா."

என்ன புரிந்ததோ! மறுநாளே பெரியம்மா பழத்தோடு வந்தாள். "எங்கே, காட்டு பாப்போம்." பார்க்க வந்தவளுக்குக் காட்டாமல் அனுப்பினால் மரியாதையா? சாமந்தி தையலைப் பிரித்தாள். பெரியம்மா விரலால் அழுத்திப் பார்த்து, உச்சுக்கொட்டிவிட்டுப் போனாள்.

சிட்டு மறுபடி தைத்தது. அடுத்து மாமா. "காத்துப் படாம மூடி வெச்சா எப்படிம்மா ஆறும்?" அவர் பேச்சைக் கேட்டு வெயிலில் காட்டினாள், புண் காய்ந்து வெடித்தது. மறுபடி தையல். அடுத்து வந்த சித்தி நகத்தால் சுரண்டினாள். கூட்டத்தில் எண்பது குரங்குகள். எண்பதும் சொந்தம்!

"நான் தைக்கிறதும் நீ பிரிக்கிறதும், இதுவே பிழைப்பாப் போச்சு!" என்று சிட்டு கத்தியது. "புண்ணைப் பாத்தா அவங்களுக்குப் பொழுது போகும். உனக்குப் பிள்ளை போகும்டி!"

சாமந்தி அழுதுவிட்டாள். குட்டியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அமாவாசைக்குச் சரியாக ஏழு நாள் இருந்தது. ஆறு நாள், யார் கேட்டும் கையைத் திறக்கவில்லை. சிட்டுக்கே ஆச்சரியம்.

ஏழாம் நாள் காலை யாருமே வரவில்லை. 'ஆறியிருக்குமோ? ஓரத்தை மட்டும் பார்த்தால் என்ன?' ஓரத்தைத் தூக்கினாள். அவசரத்தில் இழுத்த இழுப்பில், இலையோடு சேர்ந்து இளந்தோலும் உரிந்து வந்தது.

அப்போதுதான் கூட்டம் கிளம்பியது. ரத்தம் வழியும் கையால் எதைப் பிடிப்பது? சாமந்தி குட்டியைப் பிய்த்தெடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தாள். பெரியம்மா பாய்ந்தாள், எல்லோரும் பாய்ந்தார்கள். இக்கரையில் சாமந்தி மட்டும் நின்றாள். அக்கரையில் குட்டி வீறிட்டு அழுதது.

தையலைப் பிரிக்க வந்த சிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து அக்கரையிலிருந்து பெரியம்மா கூவினாள்: "கை எப்படிடி இருக்கு? தூக்கிக் காட்டு!"

சாமந்தி தூக்கிக் காட்டினாள்.

சிட்டு தலையில் அடித்துக்கொண்டு பறந்துபோயிற்று. அன்று முதல்தான் தையல்சிட்டு தன் குஞ்சுகளைத் தவிர வேறு யாருக்காகவும் இலை தைப்பதில்லை. குரங்குப் புண்ணும் ஆறுவதில்லை.