மேல்மணியை விழுங்கிய செம்போத்து

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சு இருந்தது, எண்ணிக்கை இல்லை. ஒன்று தெரியும், இரண்டு தெரியும். அதற்கு மேல் எல்லாமே ‘நிறைய’தான்.

கருவேலங்காட்டின் ஓரத்தில் செங்காலி என்றொரு கௌதாரி இருந்தாள். முந்தின ஈட்டு முட்டைகளில் அவளுக்கு நிறையக் குஞ்சுகள். காலையில் மேயப் போகும்போது நிறைய இருந்தன. மாலையில் திரும்பும்போதும் நிறையத்தான் இருந்தன. திடீரென்று ஒருநாள் பார்த்தால் இரண்டே இரண்டு நின்றன. மற்றவை எப்போது போயின என்று அவளால் சொல்ல முடியவில்லை. பக்கத்துப் புதரில் குடியிருந்த செம்போத்து மட்டும் நன்றாகக் கொழுத்திருந்தான். அவன் கண்ணும் அப்போது மற்றப் பறவைகளின் கண்ணைப் போலக் கறுப்புத்தான்.

அடுத்த ஈட்டில் ஏழு குஞ்சுகள் பொரிந்தன. ஏழு என்று சொல்வது நாம். அவளுக்கு அதுவும் நிறைய.

“இந்தத் தடவை ஒண்ணுகூடப் போகக் கூடாது” என்றாள் செங்காலி.

“அதுக்கு என்ன செய்யப் போறே?” என்று கேட்டான் அவள் கணவன் முள்ளன். கால் முள் நீளமாக இருந்ததால் அவனுக்கு அந்தப் பெயர்.

“எண்ணப் போறேன்.”

“நிறைய இருக்குது. எண்ணியாச்சு, போ.”

வேலியில் படர்ந்திருந்த கொடியிலிருந்து குன்றிமணிகளைக் கொத்தி வந்தாள். முள்ளால் துளையிட்டு, குஞ்சுக்கு ஒரு மணியாக ஓர் ஈர்க்கில் கோத்தாள். சரியாக வரவில்லை. நாலு மணி வரை கண் சட்டென்று பிடித்தது. அதற்கு மேல் போனால் ஒரு மணி குறைந்தாலும் கூடினாலும் ஒன்று போலவே தெரிந்தது.

தன் காலைப் பார்த்தாள். நாலு விரல். ஈர்க்கின் நடுவே புல்லால் ஒரு முடிச்சுப் போட்டாள். முடிச்சுக்குக் கீழே நாலு மணி, மேலே ஒரே மணி. ஈர்க்கை இரண்டு குச்சிகளுக்கு நடுவில் கட்டித் தரையில் கிடத்தினாள். மணிச்சட்டம் ஆயிற்று.

“கீழ்மணி ஒவ்வொண்ணும் ஒரு ஆள். முடிச்சை ஒட்டித் தள்ளணும்” என்று குஞ்சுகளிடம் சொன்னாள். “மேல்மணி ஒண்ணே அஞ்சு ஆள். நான் இல்லாத நேரத்துலயும் நீங்களே எண்ணிக்கணும். எண்ணாம யாரும் தீனியைத் தொடக் கூடாது.”

தினமும் விடிந்ததும் பாடம். மூத்த குஞ்சு சீக்கிரம் கற்றுக்கொண்டது. துள்ளி என்ற குஞ்சு பாடத்தின் நடுவே பூச்சி பிடிக்கப் போய்விடும். எல்லாருக்கும் சின்னவள் தவிடி. அவளுக்கு மட்டும் ஒரே இடத்தில் கணக்கு முட்டும். கீழ்மணி நாலையும் மேலே தள்ளுவாள். ஐந்தாவதுக்கு மேல்மணியை இறக்குவாள். ஆறாவதுக்குத் தள்ள மணி இருக்காது.

“அம்மா, மணி தீர்ந்துபோச்சு.”

“ஆறாவது ஆளுக்கு மணி இல்லையாம்!” என்று சிரித்தான் துள்ளி. “அப்ப நீதான் ஆறாவது. போ வெளியே!”

“நீ சும்மா இருடா” என்றாள் செங்காலி. பிறகு தவிடியிடம், “அஞ்சு வந்ததும் அந்த நாலும் வீட்டுக்குப் போகணும்டி. அவங்க வேலையையும் சேர்த்துத்தானே மேல்மணி பாக்குது? அப்புறம் அவங்களுக்கு அங்கே என்ன வேலை?” என்றாள்.

மறுநாளும் தவிடி மறந்தாள். அதற்கு மறுநாளும் மறந்தாள். செங்காலி கோபிக்கவும் இல்லை, விடவும் இல்லை. சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மண்ணுக்குக் கூட்டிப்போனாள்.

“காலால ஒவ்வொரு கோடாக் கீறு. நாலு கோடு ஆச்சா? இப்ப அஞ்சுக்கு ஒரு கொத்துக் கொத்து. கொத்தினதும் நாலு கோட்டையும் காலால கிளறி அழிச்சிடு.”

கொத்து, கிளறு. கொத்து, கிளறு. தவிடி அன்று முழுவதும் அதையே செய்தாள். மாலைக்குள் மண்ணில் அவளுக்குக் கணக்கு வந்துவிட்டது. மற்றக் குஞ்சுகள் மட்டும் அதைக் கணக்கென்று ஒப்புக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் செம்போத்து புதருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். மேல்மணி இல்லாவிட்டால் இவர்களுக்கு நாலோடு சரி என்று தெரிந்துகொண்டான்.

ஒருநாள் செங்காலியும் முள்ளனும் ஓடைக்குப் போயிருந்தார்கள். செம்போத்து மெல்ல இறங்கி வந்தான். குச்சிக்கட்டை நெகிழ்த்தி, மேல்மணியை உருவி, அப்படியே விழுங்கினான். பிறகு தனியே மேய்ந்துகொண்டிருந்த துள்ளியிடம் போனான்.

“மருமவனே, மாமா ஒரு கரையான் புத்து பாத்து வச்சிருக்கேன். வர்றியா?”

துள்ளி அவன் பின்னாலேயே புதருக்குள் போய்விட்டான்.

தாயும் தகப்பனும் திரும்பி வந்தார்கள். “எண்ணுங்க” என்றாள் செங்காலி. மூத்தது நாலு மணியைத் தள்ளிவிட்டு நின்றது.

“அம்மா, மேல்மணியைக் காணோம்.”

புதருக்குள்ளிருந்து செம்போத்தின் குரல் வந்தது. “எல்லாரும் இருக்காங்க தங்கச்சி! நான்தான் பாத்துக்கிட்டே இருந்தேனே. புள்ளைங்க பசியில நிக்குது, தீனியைப் போடு.”

முள்ளன் ஒரு சுற்றுப் பார்த்தான். “நிறையத்தான் தெரியுது” என்றான். குஞ்சுகள் தீனிக்குப் பாய்ந்தன.

தவிடி மட்டும் தீனிப் பக்கம் போகவில்லை. தன்னிலிருந்து தொடங்கி, ஆளுக்கு ஒரு கோடாக மண்ணில் கீறினாள். நாலு கோடு. ஐந்துக்கு ஒரு கொத்து. பின்னால் கிளறி நாலையும் அழித்தாள். பிறகு ஒரு கோடு. அடுத்த கோட்டுக்குக் காலைத் தூக்கினாள். ஆள் இல்லை.

“ஒரு கொத்து, ஒரு கோடு. ஆறுதான். ஒருத்தர் குறையுது அம்மா.”

“ஆறுக்கு மணியே தெரியாத புள்ள கணக்கு சொல்லுது!” என்று சிரித்தது புதர்.

தவிடிக்கு அழுகை வந்தது. ஆனாலும் முதலிலிருந்து மறுபடி எண்ணினாள். மறுபடியும் ஆறு.

“என் மக ரெண்டு தடவை எண்ணிட்டா” என்ற செங்காலி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுப் புதர்ப் பக்கம் திரும்பினாள். “துள்ளி எங்கேடா?”

“நான் என்னத்தைக் கண்டே...” என்று செம்போத்து வாயைத் திறந்தான். உள்ளே கிடந்த மணி எழும்பி வந்து தொண்டையில் அடைத்தது. “ஊப்” என்றான். மறுபடி “ஊப், ஊப்” என்றான். பேச்சு வரவில்லை. சத்தம் வந்த திசையில் செங்காலி பாய்ந்தாள். துள்ளி அவன் காலடியில் அமுங்கிக் கிடந்தான். முள்ளன் தன் கால் முள்ளால் ஒரு உதை விட்டான். செம்போத்து துள்ளியை விட்டுவிட்டு, முக்கி முக்கி விக்கிக்கொண்டே அடர்ந்த புதருக்குள் ஓடினான். மணி வெளியே வரவில்லை. அதன் சிவப்பு மட்டும் கண்ணுக்கு ஏறிவிட்டது.

திரும்பி வந்த துள்ளி தவிடியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“இப்ப எண்ணு” என்றான்.

தவிடி எண்ணினாள். ஒரு கொத்து, இரண்டு கோடு. அதற்குப் பிறகுதான் ஏழு பேரும் தீனியைத் தொட்டார்கள்.

அன்று முதல்தான் செம்போத்தின் கண் குன்றிமணியாய்ச் சிவந்தது. இன்றும் புதருக்குள் ஒளிந்துகொண்டு “ஊப், ஊப்” என்று அந்த மணியைக் கக்கப் பார்க்கிறான். அன்று முதல்தான் கௌதாரியும், மண்ணில் இரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு கொத்துக் கொத்தியதும் காலால் கிளறி அந்த நாலு கோட்டையும் அழித்துவிட்டே அடுத்ததற்குப் போகிறது.